வாய்ப்பூட்டாகும் வக்கீல் நோட்டீஸ்

போர்ன்விட்டாவில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று கேட்டு, சமூக ஊடகத்தில் உணவுப் பொருட்களை அலசும் ரேவந்த் ஹிமத்சிங்கா 2023 ஏப்ரலில் ஒரு வீடியோ வெளியிட்டார். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சாகியிருந்த விவரங்களே அவருடைய முக்கிய ஆதாரம். அந்த வீடியோ ஒரு கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. சில நாட்களிலேயே, போர்ன்விட்டாவைத் தயாரிக்கும் மாண்டலீஸ் இந்தியா நிறுவனத்தின் சார்பில் வக்கீல் நோட்டீஸ் வந்து சேர்ந்தது. அவர் வீடியோவை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். கோர்ட்டுக்குப் போய்ப் போராடத் தன்னிடம் வசதியும் இல்லை, விருப்பமும் இல்லை என்றார். வீடியோ தவறான தகவல்களைத் தருகிறது என்பது நிறுவனத்தின் வாதம். ஆனால் அவர் சொன்னதில் எது சரி, எது மிகை என்று எந்த நீதிபதியும் விசாரிக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் 100 கிராம் போர்ன்விட்டாவில் சேர்க்கப்படும் சர்க்கரை 37.4 கிராமிலிருந்து 32.2 கிராமாகக் குறைக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவர் கேட்டிருந்தார்.

இத்தகைய நோட்டீஸின் பலம் செலவில்தான் இருக்கிறது. சட்டப்படி பார்த்தால், சொன்னது உண்மை என்று நிரூபித்தால் மானநஷ்ட வழக்கு நிற்காது. ஆனால் அந்த நிரூபணத்துக்கு ஆண்டுக்கணக்கில் கோர்ட் படி ஏற வேண்டும். மதுரையில் இருப்பவர் மீது டெல்லியிலோ மும்பையிலோ வழக்குப் போட்டால், வாய்தாவுக்கு வாய்தா ரயில் செலவும் வக்கீல் ஃபீஸும் அவர் கையிலிருந்து போகும். நிறுவனத்துக்கோ அது விளம்பர பட்ஜெட்டில் ஒரு துளி. போதாததற்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவின்படி அவதூறு கிரிமினல் குற்றமும்கூட; இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. உண்மையே சொல்லியிருந்தாலும் ஒரு மாதச் சம்பளக்காரர் பதிவை அழித்துவிடுவதில் ஆச்சரியமில்லை. அதைப் பார்க்கும் அடுத்தவர் எழுதவே மாட்டார். பெரிய இழப்பு அதுதான்.

பொய்ப் பிரசாரத்தால் நிறுவனங்களும் பாதிக்கப்படுவதில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குர்குரேயில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்று பரவிய வதந்தி அப்பட்டமான பொய். 2018இல் குர்குரே தயாரிக்கும் பெப்சிகோ டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அத்தகைய பதிவுகளை நீக்க உத்தரவு பெற்றது. அந்த உரிமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த வலையில் வெறும் கிண்டலாக எழுதியவர்களின் பதிவுகளும் சிக்கின. பொய்யைத் தண்டிக்கும் அதே ஆயுதம் கேலியையும் கேள்வியையும் சேர்த்தே வெட்டுகிறது என்பதால், அதை எப்போது கையில் எடுக்கலாம் என்பதற்கு வரம்பு வேண்டும்.

வரம்பு எங்கே என்பதை உச்ச நீதிமன்றம் ஓரளவு சொல்லியிருக்கிறது. ஜீ தொலைக்காட்சி நிறுவனம் குறித்து ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் வெளியிட்ட கட்டுரையை நீக்கச் சொல்லி டெல்லியில் ஒரு கீழமை நீதிமன்றம் உத்தரவிட்டது. உயர் நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குற்றச்சாட்டு நிரூபணமாகும் முன்பே விதிக்கும் தடை, வெளியான எழுத்துக்கு மரண தண்டனை போன்றது என்றும், பண பலம் உள்ளவர்கள் வழக்கைக் காட்டியே விமர்சனத்தை முடக்கும் போக்கைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்றும் எச்சரித்தது. ஆனால் ப்ளூம்பெர்க் உச்ச நீதிமன்றம் வரை போக வசதியுள்ள நிறுவனம். ஓட்டல் சாப்பாட்டைக் குறை சொல்லி நாலு வரி எழுதியவர் அவ்வளவு தூரம் போக முடியுமா?

கலிஃபோர்னியாவில் இதற்கென்றே 1992இல் இயற்றப்பட்ட சட்டம் இருக்கிறது. பொது விஷயத்தில் பேசியதற்காக வழக்கு வந்தால், தொடக்கத்திலேயே அதைத் தள்ளுபடி செய்யக் கோரலாம். வெல்ல வாய்ப்பிருக்கிறது என்று வழக்குப் போட்டவர் அப்போதே காட்ட வேண்டும். தவறினால் எதிராளியின் வக்கீல் செலவையும் அவரே தர வேண்டும். நியாயமான வழக்கை இது தடுக்காது, மிரட்டலுக்காகப் போடும் வழக்கைத்தான் தடுக்கும். இந்தியாவில் இப்படியொரு சட்டம் இல்லை. நாடாளுமன்றம் அதை இயற்ற வேண்டும்.

அதுவரை வாசகர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: வக்கீல் நோட்டீஸ் கோர்ட் உத்தரவு அல்ல. வந்தால் பதறி எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். பில், போட்டோ, பாக்கெட் எல்லாவற்றையும் பத்திரப்படுத்திவிட்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோர் இலவசமாக வக்கீல் கிடைக்குமா என்று மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரிக்கலாம்.