மலைப்பாதையும் சுக்கானின் வெப்பமும்: ஓர் எண்ணெய்க் குளிர்விப்பான் பற்றிய குறிப்பு

மலையகத்துப் பாதைகள் மோட்டார் வாகனத்தை மனங்கொண்டு வெட்டப்பட்டவை அல்ல. கோப்பி மூடைகளை ஏற்றிய மாட்டு வண்டி எத்தகைய சாய்வில் ஏறுமோ அச்சாய்வே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றின் அளவுகோலாக இருந்தது. 1867இல் லூல்கந்தூராவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியதும் இப்பாதைகளின் மீது நிகழ்ந்த பிற்கால நிகழ்ச்சிகளே. றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுபவர் அம்மரபினை வளைவுக்கு வளைவு உணரலாம். பெருந்தெருவை விட்டு லயங்களை நோக்கிப் பிரியும் தோட்டப் பாதையிலோ, கல் பெயர்ந்த மேட்டில் சாரதி வாகனத்தைச் செலுத்தும் நேரத்தைவிடச் சுக்கானைத் திருப்பும் நேரமே அதிகம்.

1948இல் வெளிவந்த லாண்ட் ரோவரில் அத்திருப்பல் முழுவதும் தோள்வலியாலேயே நடந்தது. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1920களிலேயே எண்ணெய் அழுத்தத்தால் சுக்கானுக்கு வலுவூட்டும் முறையைச் செய்துகாட்டியிருந்தார். எனினும், விற்பனைக்கு வந்த மோட்டார் காரில் அது இடம்பெற 1951 வரை, கிறைஸ்லர் கம்பனி முன்வரும்வரை, காத்திருக்க நேர்ந்தது. இயந்திரம் எவருடைய உழைப்பை இலகுவாக்கியது என்ற வினாவோடு மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ முதற்பாகத்தின் இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தைத் தொடங்குகிறார். (அந்நூல் வெளிவந்ததும் டெய்லர் தேயிலை நட்ட அதே 1867இல் என்பது தற்செயலே.) சாரதியின் தோளைவிட்டு நீங்கிய பளு எங்கே போயிற்று என்று நாமும் இங்கு கேட்கலாம். அதில் ஒரு பகுதி எண்ணெயில் வெப்பமாகத் தங்குகிறது.

எஞ்சினோடு சுழலும் பம்பி எண்ணெயை உயர் அழுத்தத்தில் சுக்கான் பெட்டிக்கு அனுப்புகிறது. அங்கு வேலை முடித்த எண்ணெய் தாழ் அழுத்தக் குழாய் வழியே தொட்டிக்கு மீள்கிறது. சுக்கானை இறுதிவரை திருப்பி அங்கேயே பிடித்துக்கொண்டால் வேலை எதுவும் நடைபெறாது. ஆயினும் பம்பி ஓயாது. பாதுகாப்பு வால்வு திறந்து, அழுத்தம் முழுவதும் வெப்பமாக மாறுகிறது. எடுத்துக்காட்டாக, 80 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 8 லீற்றர் எண்ணெய் பாய்வதாகக் கொள்வோம். பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ ஒரு கிலோவாற்று. தொகுதியில் உள்ள எண்ணெய் ஒரு லீற்றர் எனின், பத்தே செக்கனில் அது ஆறு பாகைக்கு மேல் சூடேறும். ஒரே மூச்சில் திரும்ப இயலாத கொண்டையூசி வளைவில், முன்னும் பின்னுமாக மூன்று முறை வாகனத்தை ஆட்டும் சாரதி இந்த வெப்பத்தையே மீண்டும் மீண்டும் உண்டாக்குகிறார். அகன்ற ரயர் பூட்டியிருந்தால் இன்னும் மோசம். சூடேறிய எண்ணெய் மெலிந்து பம்பி இரைகிறது. 100 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநேரம் நின்றால் றப்பர் ஒயில் சீல்கள் இறுகிக் கசிகின்றன.

“நுவரெலியாக் குளிரில் எண்ணெய்க்குக் குளிர்விப்பான் எதற்கு?” என்று கேட்பாருளர். காற்றின் குளிர்ச்சி உதவுவது உண்மையே. ஆனால் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரில் காற்றின் அடர்த்தி கொழும்பினதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனினும் முக்கியமாக, கீழ்க் கியரில் நடைவேகத்தில் ஊர்ந்து ஏறும் வாகனத்தின் முன்னே காற்றோட்டமே இல்லை. ஆகவே எஞ்சின் விசிறி இழுக்கும் காற்றின் வழியிலேயே குளிர்விப்பான் இருத்தல் வேண்டும்.

தெரிவு செய்யுமிடத்து மூவகை கிடைக்கின்றன. வெறுங் குழாயை வளைத்தது முதலாவது. சாதாரண ஓட்டத்துக்குப் போதும், தோட்டப் பாதைக்கு ஈடுகொடாது. தட்டுகளை அடுக்கிச் செய்தது அளவிற் சிறிது, திறனிற் பெரிது. ஆயின் அதன் நெருக்கமான இடுக்குகளில் மழைக்காலச் சேறு படிந்து காய்ந்துவிடும். இடைவெளி சற்று அகன்ற தகடுகள் பொருத்திய குழாய் வகையையே நாம் விரும்புவோம்: தண்ணீர் பீய்ச்சிக் கழுவ எளிது. எவ்வகையாயினும் அதன் உள்விட்டம் மீள்குழாயினதைவிடச் சிறிதாக இருத்தலாகாது. மிகப் பெரியதை வாங்குவதிலும் பயனில்லை; தை மாதத்து உறைபனிக் காலையில் தடித்த எண்ணெயோடு சுக்கான் மேலும் மந்தமாகும். மின்மோட்டாரால் வலுவூட்டப்பட்ட புதிய வாகனங்களுக்கு இப்பேச்சே தேவையில்லை. ஆனால் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீளத் திறக்கப்படும்வரை இந்நாடு பழையனவற்றைக் கொண்டே ஓடியது. தோட்டங்களில் ஓடுபவை இன்றும் பெரும்பாலும் அவையே.

பொருத்தும் இடம் ரேடியேற்றரின் முன்புறம். அதனைத் தொடாமல், கல் தெறிக்காத உயரத்தில், புகைபோக்கிக் குழாய்க்கு எட்டத்தில். எண்ணெய் வாய்கள் மேனோக்கியோ பக்கவாட்டிலோ இருப்பின் காற்று தங்காது. ரேடியேற்றரின் தகடுகளூடே பிளாஸ்ரிக் நாடாவைச் செருகிக் கட்டுவது விரைவான வேலை; குலுக்கலில் சில மாதங்களில் ரேடியேற்றரையே துளைத்துவிடும். இரும்புப் பட்டியில் றப்பர் வைத்து முறுக்குவதே முறை. இணைக்க வேண்டியது மீள்குழாயில் மட்டும். உயர் அழுத்தக் குழாயில் எவரும் கைவைக்கலாகாது. தண்ணீர்க் குழாய் மலிவு என்று அதைப் பூட்டினால் எண்ணெயில் அது ஊறிப் பிளக்கும். பிளந்து சிந்தும் எண்ணெய் சூடான புகைபோக்கியில் வீழ்ந்தால் தீப்பற்றும். வலு இழந்த சுக்கான் திரும்பாமற் போகாது. முன்னிருந்ததைவிடப் பன்மடங்கு கனக்கும். பிரசவ வேதனையுற்ற ஒரு பெண்ணைப் பின்னே கிடத்திக்கொண்டு டிக்கோயா வைத்தியசாலைக்கு இறங்கும் சாரதிக்கு அக்கனம் எத்தகையது என்பதைக் குழாயின் விலையைக் கணக்கிடுவோர் எண்ணுவது அரிது.

பூட்டி முடிந்ததும் தொட்டி மூடியில் குறித்த வகை எண்ணெயையே ஊற்றி, முன் சில்லுகளை ஜக்கினால் உயர்த்தி, எஞ்சினை இயக்காமல் சுக்கானை இருபுறமும் இறுதிவரை மெல்லப் பலமுறை திருப்ப வேண்டும். குமிழி அடங்க அடங்க எண்ணெய் குறையும். நிரப்பிய பின்னரே எஞ்சினை இயக்கலாம். எண்ணெய் நுரைத்துப் பால்போல் வெளிறினால் உள்ளே இன்னும் காற்றுண்டு. ஓரிரு மணிநேரம் ஆறவிட்டு மீண்டும் தொடங்குக. ஹற்றனுக்கு ஒருமுறை போய்த் திரும்பியதும் ஒவ்வொரு கிளிப்பையும் தொட்டுப்பார்த்து முறுக்குதல் வேண்டும்.