அப்பளம் பொரிவது ஏன்? நமத்துப் போவது எப்படி?

நாங்குநேரிப் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் அப்பளம் நன்றாக இருந்தால், "கல்லிடைக்குறிச்சி அப்பளமா?" என்று கேட்பார்கள். தாமிரபரணிக் கரையில் இருக்கும் அந்த ஊருக்கு அப்படியொரு பெயர். விரல் தடிமன்கூட இல்லாத வட்டம், எண்ணெயில் பட்டதும் உப்புவது எப்படி?

உளுந்தில்தான் சூட்சுமம். அதிலுள்ள புரதமும் பசைத்தன்மையும் மாவை இழுவையாக்குகின்றன. அதனால்தான் கிழியாமல் மெல்லிசாகத் தேய்க்க முடிகிறது. அப்பளக்காரம் மாவை இளக்கி, பொரியும்போது உப்பவும் உதவுகிறது.

காய்ந்த அப்பளத்திலும் கொஞ்சம் ஈரம் ஒளிந்திருக்கும். 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது நொடியில் ஆவியாகிறது. நீர் ஆவியானால் அதன் கன அளவு சுமார் 1,600 மடங்கு பெருகும். அந்த ஆவி மாவைத் தள்ளிக் குமிழ்களாக்குகிறது. ஈரம் போனதும் குமிழ்ச் சுவர்கள் கண்ணாடிபோல் விறைத்துவிடுகின்றன. அதுதான் மொறுமொறுப்பு.

எண்ணெய் காயாமல் போட்டால் ஆவி மெதுவாகக் கசியும். அப்பளம் உப்பாது, எண்ணெய் குடிக்கும். அளவுக்கு மீறிக் காய்ந்த அப்பளத்தில் ஆவியாக ஈரமே மிஞ்சாது. அதுவும் சரியாகப் பொரியாது.

பொரித்ததைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, விறைப்பு தளர்ந்து நமத்துவிடும். எனவே எண்ணெய் வடிந்து, சூடு ஆறியதும் மூடிபோட்ட டப்பாவில் அடைத்துவிடுங்கள். சூடாக மூடினால் உள்ளேயே வியர்த்துவிடும். பந்தியில் அப்பளத்தைக் கடைசி நேரத்தில் பொரிப்பதும் இதற்காகத்தான்.

பாயசத்தில் நொறுக்கிப் போடுகிறவர்களுக்கு மட்டும் நமத்துப்போகும் கவலை இல்லை!