உஷார்! ‘வீட்டில் சொல்லாதீர்கள்’ என்கிற வேதபாடம்

கெடாவில் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களே, இதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ‘இலவச வேதபாடம், பத்துப் பேருக்கு மட்டும் இடம்’ என்று உங்கள் புலனத்துக்குச் செய்தி வந்ததா? உங்கள் மகனோ மகளோ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, வாரத்தில் மூன்று நான்கு இரவு ‘கிளாஸ்’ கேட்கிறார்களா? நடத்துகிறவர் யார், எந்தச் சபை என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வருகிறதா? அப்படியென்றால் ஆபத்து உங்கள் வீட்டு நடுக்கூடம் வரை வந்துவிட்டது.

பெற்றோரிடமும் சொந்தச் சபையிடமும் மறைத்து வளர்க்கச் சொல்லும் விசுவாசம் இயேசுவிடமிருந்து வந்ததாக இருக்கவே முடியாது. பிரதான ஆசாரியன் விசாரித்தபோது அவர் சொன்ன பதில் யோவான் நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எல்லாரும் கூடும் இடங்களில் வெளிப்படையாகவே பேசினேன், மறைவாக எதையும் போதிக்கவில்லை என்பதே அதன் சாரம். ஆண்டவரே ஒளிக்காததை ஒளிக்கச் சொல்ல இவர்கள் யார்?

நம்மை ஏன் குறிவைப்பது சுலபம்?

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கோல கெட்டில் வட்டாரத்தில் எந்த லயத்தில் எந்தக் குடும்பம் ஜெபம் நடத்துகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஃபாதரோ போதகரோ எப்போதாவதுதான் வருவார். இடைப்பட்ட நாள்களில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித் தந்தவர் பக்கத்து லயத்து உபதேசியார். காலையில் நம்மோடு பிரட்டுக்கு நின்றவர். அவர் குடிக்கிறாரா, மனைவியை அடிக்கிறாரா, கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கிறாரா என்பதெல்லாம் நமக்குத் தெரியும். போதிக்கிறவரின் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்த்துத்தான் போதனையை ஏற்றோம்.

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புக்குப் போயின. லயத்தில் ஒன்றாக இருந்தவர்கள் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் ஆளுக்கொரு தாமானுக்குச் சிதறினார்கள். 1996இல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்த பிறகு, அடுத்த தலைமுறை தொழிற்சாலை ஷிஃப்டுக்குப் பழகியது. பன்னிரண்டு மணி நேர இரவு வேலை முடித்து வருகிறவருக்கு ஆராதனை நேரம் தூக்க நேரம். போதாக்குறைக்கு, கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு, அரசாங்க அலுவலகம் உண்டு. கோலாலம்பூர்க் கிறிஸ்தவருக்கு இல்லாத இந்த நெருக்கடி கெடாக் கிறிஸ்தவருக்கு ஒவ்வொரு வாரமும் இருக்கிறது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஆலயங்கள் மூடப்பட்டபோது கைப்பேசியே கோயிலானது. ஆலயங்கள் திறந்த பிறகும் பலர் கைப்பேசியோடே தங்கிவிட்டார்கள். படுக்கையில் இருக்கும் பாட்டிக்கும் இரவு வேலைக்காரருக்கும் அது பெரிய உதவிதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் பெயர் தெரிந்தவர்கள் இருந்த இடத்தில் இப்போது முகம் தெரியாத குரல் உட்கார்ந்திருக்கிறது. வலை விரிக்கிறவர்களுக்கு அந்த வெற்றிடம் போதும்.

வலை எப்படி விரிக்கப்படுகிறது?

தென்கொரியாவில் லீ மான்ஹீ என்பவர் 1984இல் தொடங்கிய ஷின்சொன்ஜி என்ற இயக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்படுத்தின விசேஷத்தின் மறைபொருளை விளக்கும் வாக்களிக்கப்பட்ட மேய்ப்பர் அவரே என்பது அவர்கள் போதனை. ஆனால் அதை முதல் நாளில் சொல்ல மாட்டார்கள். முதலில் நட்பு, அடுத்து, எந்தச் சபையையும் சாராத வேதபாடம், பிறகு உவமைகளின் ரகசிய அர்த்தம். எந்த இயக்கத்தின் வகுப்பு என்பதே மாணவருக்கு மாதக்கணக்கில் தெரியாது. ‘இப்போதே வெளியில் சொன்னால் சாத்தான் தடுப்பான், பாடம் முடியட்டும்’ என்பார்கள். பெயர் தெரியவரும்போது பழைய நண்பர்கள் விலகியிருப்பார்கள். சொந்தச் சபைமேல் சந்தேகம் வேர்விட்டிருக்கும்.

இது எங்கோ கொரியாவில் நடக்கும் கதை என்று விட்டுவிடாதீர்கள். 2020 பிப்ரவரியில், பதிவு பெறாமல் இயங்கிய இதன் கிளைமேல் சிங்கப்பூர் உள்துறை அமைச்சு நடவடிக்கை எடுத்தது. பொறுப்பில் இருந்த கொரிய நாட்டவர் ஐவர் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே ஆண்டு நவம்பரில் 21 பேர் கைதானார்கள். லீ மான்ஹீ மீதான நிதிக் கையாடல் வழக்கில் விதிக்கப்பட்ட நிறுத்திவைத்த சிறைத் தண்டனையை 2022இல் கொரிய உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இயேசு சீனாவில் ஒரு பெண்ணாகத் திரும்பி வந்துவிட்டார் என்று போதிக்கும் ‘சர்வவல்லமையுள்ள தேவனின் திருச்சபை’ என்ற இயக்கமும் இணையத்தில் தமிழிலேயே பேசுகிறது. சிங்கப்பூரில் அறைக்குள் நடந்ததை ஸூமில் நடத்த எல்லைச் சாவடி கிடையாது.

வேதத்தின்மேல் பசி இல்லாத பிள்ளை இதில் சிக்குவதில்லை. பசியுள்ள பிள்ளைதான் சிக்குகிறது. அதனால்தான் எனக்குப் பதறுகிறது.

மாத்திரையை நிறுத்தச் சொன்னால், அந்த நிமிடமே உஷார்

இரண்டாவது வலை உயிரையே வாங்கும். ‘ஜெபித்துவிட்டேன், குணமாகிவிட்டது, இனி மருந்து சாப்பிட்டால் அவிசுவாசம்’ என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு கண்ணீரோடு ஜெபித்திருந்தாலும் சரி, கேட்காதீர்கள்.

நம் சமூகத்தின் நிலையைப் பாருங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த நோயால் சிறுநீரகத்தை இழந்தவர்கள். இனிப்புநீர் மாத்திரையை நிறுத்தினால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. அதைத்தான் ‘குணம்’ என்று நம்பிவிடுகிறோம். உள்ளே கண்ணும் காலும் சிறுநீரகமும் கெட்டுக்கொண்டிருக்கும். இன்சுலினையே நம்பியிருப்பவர் ஊசியை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து. இரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் பக்கவாதம் வரலாம். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் அந்த மருந்துக்கே அடங்காத கிருமி உருவாகலாம்.

இயேசு என்ன செய்தார்? குஷ்டரோகிகள் பத்துப் பேரை ஆசாரியர்களிடம் போய்த் தங்களைக் காட்டும்படி அனுப்பினார். சுகமானதைச் சோதித்து உறுதிசெய்ய அந்நாளில் அதிகாரம் பெற்றிருந்தவர்கள் அவர்களே. பவுலோடு பயணம் செய்த லூக்கா மருத்துவர். அடிக்கடி நோயுற்ற தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்கு எது நல்லது என்று பவுலே கடிதத்தில் எழுதினார். கடவுள் குணமாக்குகிறார் என்று நானும் நம்புகிறேன். உண்மையான குணம் இரத்தப் பரிசோதனைக்குப் பயப்படாது. கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய்ச் சோதியுங்கள். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லட்டும்.

கென்யாவின் ஷகஹோலா காட்டில் 2023இல் நானூறுக்கும் மேற்பட்ட உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. பால் மெக்கன்ஸி என்ற போதகர், இயேசுவைச் சந்திக்கப் பட்டினி கிடந்து சாகும்படி சொன்னார் என்பது வழக்கு. அந்தக் கொடுமைக்கு வெகுகாலம் முன்பே அவர் பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் பழித்துப் பிரசங்கித்து வந்தார். தொடக்கத்திலேயே தட்டிக் கேட்டிருந்தால் எத்தனை பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள்!

‘விதை’ என்று சொல்லிக் கேட்கும் பணம்

‘நூறு வெள்ளி விதையுங்கள், ஆயிரமாகத் திரும்பும்.’ ‘மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லையா? இந்த கியூஆரை ஸ்கேன் செய்து ஐந்நூறு அனுப்புங்கள்.’ இப்படிக் கேட்கிறவர்களை நம்பி ஆலோங்கிடம் கடன் வாங்காதீர்கள், இபிஎப் பணத்தைத் தொடாதீர்கள்.

நாகமானின் குஷ்டம் நீங்கியபோது எலிசா தீர்க்கதரிசி ஒரு காசும் வாங்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் வெள்ளி வாங்கிய அவருடைய வேலைக்காரன் கேயாசிக்கு அந்தக் குஷ்டமே வந்து சேர்ந்தது. பரிசுத்த ஆவியின் வரத்தை விலைக்குக் கேட்ட சீமோனைப் பேதுரு கடுமையாகக் கடிந்துகொண்டார். சபைக்குக் காணிக்கை கொடுப்பது நல்லது. அதற்கு ரசீது உண்டு, கணக்கு உண்டு, ஆண்டுக் கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. தனிநபர் வங்கிக் கணக்குக்குப் போகும் ‘விதை’க்கு இவற்றில் எது உண்டு?

முதலீட்டுத் திட்டங்களும் இப்படித்தான். பினாங்கிலிருந்து இயங்கிய ஜேஜேபிடிஆர் மாதம் 20 விழுக்காடு தருவதாகச் சொல்லி 2017இல் சரிந்தது. அது சபை நடத்தியதல்ல. ஆனால் இத்தகைய திட்டங்கள் தெரிந்தவர்கள் வாய்வழியாகத்தான் பரவுகின்றன. ஜெபக் கூட்டத்தில் ‘பிரதர்’ என்று அழைக்கிறவர் கொண்டுவந்தாலும் மாதம் 20 விழுக்காடு என்பது பொய்யே.

இந்த அறிகுறிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

• நடத்துகிறவரின் முழுப் பெயரும் சபையும் கேட்டால் தள்ளிப்போடுகிறார்கள்.
• பெற்றோரிடமும் ஃபாதரிடமும் பாஸ்டரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறார்கள்.
• குறிப்புகளை யாருக்கும் காட்டாதே, இணையத்தில் எங்களைப் பற்றித் தேடாதே என்கிறார்கள்.
• உலகத்தில் எங்களிடம் மட்டுமே உண்மை, மற்ற எல்லாச் சபையும் பாபிலோன் என்கிறார்கள்.
• கேள்வி கேட்டால் ‘உனக்குள் பிசாசு பேசுகிறது’ என்கிறார்கள்.
• மருந்தை, படிப்பை, வேலையை விடச் சொல்கிறார்கள்.
• ஜெபத்துக்கு முன்போ பின்போ பணம் கேட்கிறார்கள்.

இதில் ஒன்று இருந்தாலே நிறுத்தி விசாரியுங்கள். இரண்டு இருந்தால் வெளியே வாருங்கள்.

பவுல் பிரசங்கித்தபோதே பெரேயா பட்டணத்தார் அவர் சொன்னது சரிதானா என்று தினமும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அதற்காக அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களைப் பாராட்டுகிறது. பவுலையே சோதிக்கலாம் என்றால் யூடியூப் பிரசங்கியைச் சோதிக்கக் கூடாதா?

விசுவாசம் எங்கே வளரும்?

நம் பாட்டன் பூட்டன் நட்ட ரப்பர் கன்று வெட்டுக்கு வர ஆறேழு வருடம் ஆனது. அதற்கு முன் கத்தி வைத்தால் மரம் கெடும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆறு மாதத்தில் பரிபூரண ஞானம் தருகிறேன் என்பவரிடம் இதைச் சொல்லுங்கள். பொறுமை, அடக்கம், மன்னிப்பு இவையெல்லாம் கூட வாழ்கிறவர்களோடு உரசித்தான் வளரும். கோபக்காரக் கணவன் அடங்கினானா என்று சொல்ல மனைவி வேண்டும். குடியை விட்டவன் சம்பள நாளில் தடுமாறினால் பிடித்து நிறுத்தப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். கைப்பேசிக் குரலுக்கு இந்த வேலை தெரியாது.

வீட்டில் கூடும் சிறு குழுக்கள் நமக்குப் புதியவை அல்ல. ஜான் வெஸ்லி 18ஆம் நூற்றாண்டிலேயே சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று வகுப்புகள் அமைத்து, ஒவ்வொருவரின் ஆத்தும நலத்தையும் வாராவாரம் விசாரிக்க வைத்தார். 1976இல் தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்கக் குருக்கள் பினாங்கில் ஒரு மாதம் கூடி ஆலோசித்த பிறகு, அக்கம்பக்கக் குடும்பங்கள் சேரும் சிறு சமூகங்களுக்குத் திருச்சபை முதலிடம் தந்தது. இவற்றின் கதவு திறந்தே இருக்கும். யார் நடத்துகிறார் என்று ஊருக்கே தெரியும். ஒவ்வொரு ஜூலையும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் கெடாத் தமிழர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி ஊரறிய நடக்கிறார்கள். அதுதான் நம் வழக்கம்.

உடனே செய்ய வேண்டியவை

சபைத் தலைவர்களே, பழி முதலில் பிள்ளைகள்மேல் போகக் கூடாது. ஷிஃப்டுக்காரருக்கு எந்த நேரத்தில் வேதபாடம் வைத்திருக்கிறீர்கள்? ஞாயிறு வர முடியாத பள்ளிப் பிள்ளைக்கு வெள்ளியோ சனியோ என்ன வழி? வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றி ஓர் இளைஞன் கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்ல யார் இருக்கிறார்? நாம் பதில் சொல்லாத கேள்விக்குத்தான் அவர்கள் வகுப்பு நடத்துகிறார்கள்.

பெற்றோர்களே, கத்தாதீர்கள், கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் ‘குடும்பம் உன்னைத் துன்புறுத்தும் என்று சொன்னோமே’ என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ‘எனக்கும் அந்தப் பாடத்தைக் காட்டு, சேர்ந்து படிப்போம்’ என்று கேளுங்கள்.

பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக் காத்திருக்காதீர்கள். உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் அழையுங்கள். போலீஸ் புகாரும் செய்யுங்கள். அனுப்பும் முன்பே போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணைத் தேடிப் பாருங்கள்.

இதே கெடாவில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் 1946, 47இல் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடை நம் குடும்பங்களைத் தின்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. படிப்பும் பணமும் குறைந்த அந்தத் தோட்டத்து இளைஞர்கள் ஒருவரையொருவர் காவல் காத்தார்கள். படிப்பும் வசதியும் உள்ள நமக்கு அந்த அக்கறை எங்கே போனது?

இந்த வெள்ளிக்கிழமையே உங்கள் தாமானில் ஆராதனைக்கு வராமல் போன மூன்று வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மருந்து சாப்பிடுகிறார்களா, யாராவது பணம் கேட்டார்களா, எந்த வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள் என்று அன்பாக விசாரியுங்கள். நாம் போகத் தவறிய வீட்டுக்குள் வேறு யாரோ போய்க்கொண்டிருக்கிறார்கள். உஷார்!