"அவள் சொல்வது நிஜம்தானா?"



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பும் கடன் தவணையும் எழுதி முடித்ததும் பேச்சு திசை மாறியது. ஓர் உறுப்பினரின் மகள் நூல் மில்லில் வேலை பார்த்தவள். சூப்பர்வைசர் தப்பாகத் தொடுகிறார் என்று சொல்லி வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

உடனே கூட்டம் இரண்டு பட்டது. "நெருப்பில்லாம புகையுமா?" என்றார் ஒருவர். "நடந்து ரெண்டு மாசம் ஆச்சு, இப்ப ஏன் சொல்றா?" என்றார் இன்னொருவர். "அவரு பிள்ளைகுட்டிக்காரரு, பொய்யா இருந்தா அந்தக் குடும்பம் என்ன ஆகும்?" என்றார் மூன்றாமவர். அந்தத் தாய் பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து இருந்தார். நாங்களும், "பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்டோம். அப்படிக் கேட்டது தவறு என்று பிறகுதான் உறைத்தது.

ஏன் உடனே சொல்லவில்லை?

சொன்னால் வேலை போகும். வீட்டில் "இனி போகாதே" என்பார்கள். கல்யாணப் பேச்சு நின்றுவிடும். இத்தனையும் யோசித்துத்தான் ஒரு பெண் வாய் திறக்கிறாள். சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன்படி, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் தரலாம். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் கிடைக்கும்.

சாட்சி இல்லாவிட்டால் பொய்யா?

நாலு பேர் பார்க்க யாரும் இதைச் செய்வதில்லை. அன்றைக்கே தோழியிடம் அழுதாளா, ஷிப்டு மாற்றிக் கேட்டாளா, போனில் செய்தி வந்ததா என்பதும் ஆதாரம்தான். போதிய ஆதாரம் தர முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் தந்தவளைத் தண்டிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. கெட்ட எண்ணத்தோடு பொய் சொன்னாள் என்று விசாரணையில் உறுதியானால்தான் நடவடிக்கை.

அந்த மனிதருக்கும் நியாயம் உண்டு. புகாரின் நகல் அவருக்குத் தரப்படும். அவர் பதில் சொல்லலாம், தன் சாட்சிகளைக் கொண்டு வரலாம். இருவர் பெயரும் வெளியே வரக்கூடாது. நாம் குழாயடியில் தீர்ப்புச் சொன்னால் இரண்டு குடும்பமும் கெடும்.

ஒரு பெண்ணின் கதை

ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்பவர் அரசுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்தார். நம்மைப் போல வீடு வீடாகப் போனவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992-இல் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். ஊரும் நம்பவில்லை, 1995-இல் கீழ் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவருக்கு நடந்த கொடுமையை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றிருந்தன. 1997-இல் விசாகா தீர்ப்பு வந்தது. 2013 சட்டத்துக்கு அதுவே அடித்தளம்.

எங்கே போவது?

10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருப்பார். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியாள் ஒருவரும் இருப்பார். 10 பேருக்குக் குறைந்த இடம் என்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ, மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். எழுதத் தெரியாவிட்டால் குழுவினர் எழுத உதவ வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை இடமாற்றமோ, 3 மாதம் வரை விடுப்போ கேட்கலாம். போலீசுக்கும் போகலாம். உதவிக்கு 181 எண்ணை அழையுங்கள்.

நம் குழு செய்ய வேண்டியது

கூட்டத்தில் வைத்துப் பேசாதீர்கள். அவளைத் தனியாக உட்கார வைத்து முழுசாகக் கேளுங்கள். தேதி, இடம், யாரிடம் சொன்னாள் என்று குறித்து வைக்க உதவுங்கள். துணைக்கு ஒருவர் கூடப் போங்கள்.

அந்தப் பெண் 3 மாதம் முடியுமுன் புகார் கொடுத்துவிட்டாள். அவள் அம்மாவோடு குழுத் தலைவியும் போனார். "இப்ப ஏன் சொல்றா?" என்று கேட்டவரும் அவர்தான். விசாரணை நடக்கிறது. எது உண்மை என்று அங்கே தெரியட்டும். அவள் சொல்லி முடிக்கும் வரை காது கொடுத்துக் கேட்பது நம் வேலை.