கடைமடை வரை எட்டும் வகுப்பு

பள்ளிகளும் கல்லூரிகளும் மிகுந்திருப்பதனால் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு’ என்று நெடுங்காலமாகப் பெயர் பெற்றிருக்கும் பாளையங்கோட்டையிலே, 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் காரணமாக வித்தியாசாலைகளின் கதவுகள் சாத்தப்பட்டபோது, அவை மீண்டும் முறையாகத் திறக்க எவ்வளவு காலம் செல்லும் என்று ஊகித்தவர் எவரும் இருந்திருக்கமாட்டார். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் 2021 ஜனவரி 19-ஆம் தேதியன்றுதான் பள்ளிப்படி ஏறினார்கள்; ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுவர் சிறுமியரோ அவ்வாண்டு நவம்பர் முதல் தேதி வரையில் காத்திருக்க நேர்ந்தது. அந்த இடைக்காலம் முழுவதும், பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரையில் தாமிரபரணிக் கரையோரத்துப் பிள்ளைகளில் பலருக்குக் கல்வி என்பது ஒரு செல்போன் திரைக்குள் அடங்கிப்போயிற்று. நோய் விலகிய பின்பும் ஆன்லைன் வகுப்பு நம்மை விட்டு விலகவில்லை. மழை விடுமுறையிலும், தனிப்பயிற்சியிலும், கல்லூரிப் படிப்பிலும் அது நிலைத்து நிற்பதால், அதனை நல்ல வகுப்பாக நடத்துவது எப்படி என்று சிந்திப்பது இன்றைக்கும் அவசியமான காரியமே.

2019 ஆகஸ்ட் 26-ஆம் தேதி தொடங்கப்பெற்ற நம் அரசின் கல்வித் தொலைக்காட்சி, நெருக்கடிக் காலத்தில் ஸ்மார்ட்போன் வாங்க வசதியற்ற வீடுகளுக்கும் பாடத்தைக் கொண்டு சேர்த்த உபகாரத்தை மறத்தற்கில்லை. ஆயினும் தொலைக்காட்சி பேசுமேயன்றி, கேளாது. காணொளி வகுப்புக்கு மட்டுமே மாணவனின் சந்தேகத்தைக் கேட்கும் செவியும், அதற்கு அந்தக் கணமே விடை சொல்லும் வாயும் உண்டு. அப்படியிருந்தும், நாற்பது நிமிஷமும் ஆசிரியர் ஒருவரே பேச, மாணவர் அனைவரும் மியூட்டில் இருக்க, “கேக்குதா பிள்ளைகளா?” என்ற வினாவும் “கேக்குது சார்” என்ற விடையும் தவிர வேறு சம்பாஷணையே நிகழாமல் முடிந்த வகுப்புகள் எத்தனையோ. கேட்கும் சாதனம் ஒன்றை வைத்துக்கொண்டு அதனைப் பேசும் பெட்டியாக மட்டும் பயன்படுத்தியதே அங்கு நேர்ந்த பெருங்குறை.

மாணவர்களின் கவனத்தைப் பிடித்து நிறுத்த, “எல்லோரும் கேமராவை ஆன் செய்யுங்கள்” என்று கட்டளையிடுவது பலருடைய வழக்கமாயிற்று. முகம் தெரிந்தால் மனமும் அங்கே இருக்கும் என்பது அவர்களுடைய அபிப்பிராயம். ஆனால், ஒற்றை அறை வீட்டில், பின்னாலே தாய் பீடி சுற்றிக்கொண்டிருக்க, பக்கத்திலே தம்பி அழுதுகொண்டிருக்க, தந்தையின் செல்போனை இரவல் வாங்கி அமர்ந்திருக்கும் ஒரு பெண் பிள்ளைக்கு அந்தக் கட்டளை எத்தகைய சங்கடத்தைத் தரும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கேமராவை மூடிவைப்பதன் காரணத்தை ஆராய்ந்தபோது, தங்கள் தோற்றத்தைப் பற்றிய கூச்சமும், பின்புலத்தில் தெரியும் வீட்டையும் மனிதர்களையும் பற்றிய தயக்கமும், வலுவற்ற இணைய இணைப்பும் முக்கியக் காரணங்களாக வெளிப்பட்டன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதிய கட்டுரையில், காணொளிச் சந்திப்புகள் தரும் அயர்ச்சிக்கு, இடைவிடாது பிற முகங்களை மிக அருகில் காண்பதும், தன் முகத்தையே தான் பார்த்துக்கொண்டிருப்பதும், அசையாமல் அமர்ந்திருப்பதும், குறிப்பறிய மனம் கூடுதலாக உழைப்பதும் காரணமென்றார். இவ்வளவுக்கும் மேலாக, முண்டந்துறைக் காட்டினுள் வாழும் காணி மக்களின் குடியிருப்புகளிலும், மாஞ்சோலை எஸ்டேட்டுகளிலும், சிக்னல் என்பதே எளிதில் கிட்டாத பொருள். ஆகவே முகத்தைக் கேட்பதைக் காட்டிலும் வேலையைக் கொடுப்பதே உத்தமம்.

முதல் வேலை, விடை சொல்வது. வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் விடைக்காகக் காத்திருக்கிறார்கள் என்றும், அதனை மூன்று விநாடியாக நீட்டினாலே விடைகள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகின்றனர் என்றும் கண்டறிந்தார். மியூட்டை எடுக்கவே சில விநாடி செல்லும் காணொளி வகுப்பில், இந்தப் பொறுமை இன்னும் பன்மடங்கு வேண்டும். கன்னடியன் கால்வாயில் திறந்த தண்ணீர் தலைமடை வயல்களை நிரப்புவதோடு நின்றுவிட்டால் கடைமடைக்காரனின் பிசானப் பயிர் கருகுவதுபோல, முந்திக்கொண்டு விடை சொல்லும் நாலைந்து பிள்ளைகளோடு பாடம் நின்றுவிட்டால் ஏனையோரின் கல்வி வாடிப்போகும். “எல்லோரும் விடையைச் சாட்டில் எழுதி வையுங்கள், நான் சொல்லும்போது ஒரே சமயத்தில் அனுப்புங்கள்” என்று ஒரு வார்த்தை சொன்னால், கூச்சமுள்ள பிள்ளையும் தன் விடையைத் தானே யோசித்து எழுதும்.

இரண்டாவது வேலை, ஒருவருக்கொருவர் கற்பிப்பது. இது மேல்நாட்டார் நமக்குச் சொல்லித்தர வேண்டிய வித்தையன்று. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் இளையோருக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்து வந்தான். 1789-இல் சென்னையில் இராணுவ அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தி, மாணவரைக்கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பிரிட்டன் முழுவதும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவருடைய கொடையால் எழுந்த பள்ளி இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே வழங்கப்படுகிறது.

அந்த முறையைக் காணொளிக்கு இசைவிக்க, 1971-இல் எலியட் அரான்சன் என்ற உளவியலறிஞர் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மெக்சிகோ வம்சாவளியினரும் பகையோடு அமர்ந்திருந்த வகுப்புகளில் கையாண்ட ‘ஜிக்சா’ உபாயம் மிகவும் பொருந்தும். தாமிரபரணியைப் பற்றிய பாடமொன்றை எடுத்துக்கொள்வோம். நால்வர் கொண்ட குழுவில், ஒரு பிள்ளைக்குப் பொதிகை மலையும் பாபநாசம் அணையும். இரண்டாவது பிள்ளைக்கு மணிமுத்தாறு, கடனா, பச்சையாறு, சிற்றாறு முதலிய துணையாறுகள். மூன்றாவது பிள்ளைக்குக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்ற எட்டு அணைக்கட்டுகள். நான்காவது பிள்ளைக்குக் கொற்கையும் ஆதிச்சநல்லூரும் புன்னைக்காயல் முகத்துவாரமும். அணைக்கட்டைப் பெற்ற பிள்ளை வீட்டிலே தாத்தாவிடம், “நம்ம வயலுக்கு எந்தக் கால்வாய்த் தண்ணி வருது தாத்தா?” என்று கேட்டு வந்து, பத்து நிமிஷம் தன் குழுவுக்குச் சொல்லவேண்டும். நால்வரும் சொல்லி முடித்தாலன்றி ஒருவருக்கும் ஆறு முழுமையாக விளங்காது. ஆதலால் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டே ஆகவேண்டிய நிலைமை இயல்பாகவே உண்டாகிறது. ஜூமில் ‘பிரேக்அவுட் ரூம்’ வசதி இதற்கே உள்ளது. அது இயலாத இடத்தில் வாட்ஸ்அப் குழு அழைப்பு போதும். டேட்டா தீர்ந்துபோனால் சாதாரணக் கான்ஃபரன்ஸ் கால் போதும்.

ஆசிரியரின் விளக்கத்தைக் குறைத்தால் பாடம் முடியாதே என்று சிலர் அஞ்சலாம். அவர் விளக்க வேண்டியதைச் சிறுசிறு பதிவுகளாக முன்கூட்டியே அனுப்பிவிடலாம். 2014-இல் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் சுமார் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்தவர்கள், ஆறு நிமிஷத்துக்கு உட்பட்ட காணொளிகளே மாணவரின் கவனத்தை நன்கு நிறுத்துகின்றன என்று கண்டார்கள். நேரலை வகுப்பின் அருமையான நிமிஷங்கள் பிள்ளைகளின் பேச்சுக்கே உரியவை.

ஒன்றை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டபோது, பள்ளிகளோடு மின்சாரமும் செல்போன் தொடர்பும் பல ஊர்களில் நின்றுபோயின. அத்தகைய நாளில் எந்தச் செயலியும் துணைவராது. ஆகையால் குழுக்களைப் பிரிக்கும்போதே ஒரே தெருவில், ஒரே குடியிருப்பில் உள்ள பிள்ளைகளை ஒன்றாகச் சேர்ப்பது நலம்; சிக்னல் உள்ள நாளில் திரையிலும், இல்லாத நாளில் ஏதேனும் ஒரு வீட்டுத் திண்ணையிலும் அவர்கள் கூடிப் படிப்பார்கள்; செல்போன் இல்லாத பிள்ளையும் பக்கத்து வீட்டுத் தோழியோடு அமர்ந்து அதே வகுப்பில் பங்குபெறும்.

தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுவே: அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பாகவே, ஒவ்வொரு வகுப்பிலும் நான்கு நான்கு பேராகத் தெருவாரிக் குழுக்களை அமைத்து, பள்ளி நடக்கும் நாட்களிலேயே அவர்களைச் சேர்ந்து படிக்கப் பழக்கிவிடுங்கள்.