குண்டு மூக்கு ஏன் சப்பை?

"அச்சு சரியா நெரம்பலையாடா?"

போன செமஸ்டர் லீவுல, என் மொபைல்ல ஒரு படத்தைப் பார்த்துட்டு தாத்தா கேட்ட கேள்வி இது. நாலாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிற எனக்குப் பதில் தெரியலை. அந்தப் பதிலைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

அப்ப நான் கென்னத் ஆண்டர்சன் புத்தகம் படிச்சிட்டிருந்தேன். பெங்களூர்க்காரர். அன்றைய சேலம் மாவட்டத்து ஜவளகிரி மாதிரியான காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப் போன அனுபவங்களை 1954-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அவர் கையில் இருந்தது வின்செஸ்டர் 1895 மாடல், பாயின்ட் 405 ரைஃபிள். இது லீவர் ஆக்‌ஷன் வகை. ட்ரிக்கரைச் சுற்றி இருக்கும் லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே போகும். கௌபாய் படங்கள்ல பார்த்திருப்பீங்க.

அதைத் தேடப் போய், அதே கம்பெனியோட பழைய தோட்டாக்கள் படம் வந்தது. எல்லாத்துலயும் ஈயக் குண்டோட மூக்கு சப்பையா இருந்தது. தாத்தா வீச்சு வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறவர். கண்மாய் அழியிற நாள்ல ஊரே அவர் வலையைத்தான் தேடும். அவர் கண்ணுக்கு அது வார்ப்புக் குறை. ஃபவுண்ட்ரி லேப்ல நாம 'மிஸ்ரன்'னு எழுதுவோமே, அதேதான். ஆனா அது குறை இல்லை, வேணும்னே செஞ்ச டிசைன்.

முதல்ல ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். தோட்டா என்பது முழுப் பொட்டலம்: பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, அடியில் ப்ரைமர், வாயில் குண்டு. ப்ரைமரில் அடி விழுந்தால் மருந்து பற்றும். பறப்பது குண்டு மட்டும்தான்.

மூக்கு

பெரும்பாலான லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்களில் தோட்டாக்கள் இருப்பது குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில். ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். அதாவது, பின்னால் இருக்கும் குண்டின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் ப்ரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். இப்போ மூக்கு கூரா இருந்தா என்ன ஆகும்? சுடும்போது வரும் உதைப்பில் அந்த முனை ஊசி மாதிரி ப்ரைமரைக் குத்தும். சுடுகிறவரின் இடது கை இருக்கும் இடத்திலேயே குழாய் வெடிக்கலாம். மூக்கைச் சப்பையாக்கினால் விசை பெரிய பரப்பில் பரவிவிடும். பிரஷர் என்பது விசை வகுத்தல் பரப்பு. ஒன்பதாங் கிளாஸ் ஃபிசிக்ஸ்தான்!

ஆண்டர்சனோட 1895 மாடல்ல இந்தப் பிரச்சினை இல்லை. அதை வடிவமைத்த ஜான் பிரவுனிங் குழாயை எடுத்துவிட்டு, தோட்டாக்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டி வைத்தார். மூக்கு ப்ரைமரைத் தொடவே தொடாது. அதனால் கூர் மூக்குத் தோட்டாக்களுக்கும் அந்த மாடல் வந்தது. குண்டை மாற்றலாம், அல்லது குண்டு உட்காரும் இடத்தை மாற்றலாம். இரண்டும் டிசைன்தான்.

ரிவால்வரில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனி அறை. கையாலேயே போடுவதால் எந்த மூக்கும் செல்லும். அதில் சாத்தியமாகும் ஒரு வடிவம் வாட்கட்டர்: மூக்கே இல்லாத, மழுங்கின உருளை. அது காகித இலக்கில் பஞ்சிங் மெஷின் போட்டது போல வட்டமான ஓட்டை போடும். கூம்பு மூக்கு காகிதத்தைக் கிழிக்கும், கோட்டைத் தொட்டதா இல்லையா என்று சண்டை வரும். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா தங்கம் வென்ற 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவில் இன்றும் பாயின்ட் 32 வாட்கட்டர் ரொம்ப சகஜம். அதே வடிவத்தை லீவர் ஆக்‌ஷனில் போட்டால், உள்ளே போகும் வழியில் அதன் விளிம்பு இடித்து நிற்க வாய்ப்பு அதிகம். ஒரு மெஷின்ல ஹீரோ, இன்னொரு மெஷின்ல வில்லன்.

காடி

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. வின்செஸ்டர் 1873-ல் 44-40 என்று ஒரு தோட்டா கொண்டுவந்தது. சப்பை மூக்கு, ஏறத்தாழ 13 கிராம் ஈயக் குண்டு. சில ஆண்டுகளில் கோல்ட் கம்பெனி அதே தோட்டாவுக்கு ரிவால்வர் செய்தது. ரைஃபிளுக்கும் ரிவால்வருக்கும் ஒரே தோட்டா. வசதிதான், ஆனா குண்டு பாவம்.

ரைஃபிள் குழாயில் ஸ்பிரிங்கும் உதைப்பும் சேர்ந்து குண்டைக் கூட்டுக்குள் தள்ளும். ரிவால்வரில் ஒரு தோட்டா சுடும்போது மற்ற அறைகளின் கூடுகள் உதைப்போடு பின்னால் போகும். குண்டோ நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். விளைவு, குண்டு கூட்டிலிருந்து வெளியே வரும். மூக்கு நீண்டால் உருளை சுழலாமல் சிக்கிக்கொள்ளும். ஒரே குண்டு, எதிரெதிர் திசையில் இரண்டு தொல்லை.

தீர்வு ஒரு சின்னக் காடி. குண்டின் இடுப்பில் ஒரு பள்ளம் வைத்து, கூட்டின் வாயை அதற்குள் மடக்கிவிட்டால் இரண்டு பக்கமும் பிடி கிடைக்கும். முதலில் வந்த 44-40 குண்டில் இந்தக் காடி இல்லை. கருமருந்து கூட்டை முழுசா அடைத்து, பின்னால் முட்டுக்கொடுத்தது. புகையில்லா மருந்து கொஞ்ச இடத்தில் அடங்கியதும் அந்த முட்டு போச்சு, காடி அவசியமாச்சு.

கீழே இருக்கும் மற்றக் காடிகள் வேறு வேலைக்கு: கொழுப்போ மெழுகோ பிடித்து வைக்க. ஈயக் குண்டுக்கும் கொழுப்புக்கும் நம்ம நாட்டில் பெரிய வரலாறே உண்டு. என்ஃபீல்ட் தோட்டாவின் காகிதத்தில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருக்கிறது என்ற பேச்சுதான் 1857-ல் சிப்பாய்களின் கோபத்தைப் பற்றவைத்தது.

அளவும் கடினமும்

ஈயக் குண்டு குழலை விடக் கொஞ்சம் பெருசா இருக்கணும். பொதுவா ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மில்லிமீட்டர். சின்னதா இருந்தா சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை உருக்கும், அது குழலில் அப்பிக்கொள்ளும். ரிவால்வரில் இன்னொரு சிக்கல்: குண்டு முதலில் உருளையின் வாயைத் தாண்டித்தான் குழலுக்குப் போக வேண்டும். அந்த வாய் குறுகலாக இருந்தால், சரியான அளவுக் குண்டும் அங்கேயே இளைத்துப்போகும். குழலை மட்டும் அளந்தவன் தலையைச் சொறிவான்.

சரி, ஈயத்தைக் கல்லு மாதிரி ஆக்கிட்டா? சுத்தக் காரீயத்தின் பிரினெல் எண் சுமார் 5. பழைய அச்சுக்கூடங்களின் லைனோடைப் உலோகம் சுமார் 22. அதில் 4 சதவீதம் வெள்ளீயம், 12 சதவீதம் ஆன்டிமனி. கடினமாக இருந்தால் வேகம் தாங்கும். ஆனால் மெதுவான ரிவால்வர் தோட்டாவில் பின்னிருந்து வரும் அழுத்தத்துக்கு அது விரிந்துகொடுக்காது, இடைவெளி அடைபடாது, வாயு கசியும். எங்க மினி ப்ராஜெக்ட்ல "ஹார்டா இருந்தா நல்லது"ன்னு ரப்பர் சீல் வாங்கி, ரிவ்யூ அன்னைக்குக் காத்து புஸ்ஸுனு போனது ஞாபகம் வந்துச்சு. அதே தப்பு!

ரைஃபிள் வேகத்துக்குக் கடினமான கலவையோடு, அடியில் சின்னச் செம்புத் தொப்பி. மெதுவான ரிவால்வருக்கு மென்மையான கலவையே போதும். ஆக, "எந்தக் குண்டு பெஸ்ட்?" என்பது தப்பான கேள்வி. "எந்த மெஷினுக்கு?" என்பதுதான் கேள்வி.

படிச்சிட்டு ட்ரை பண்ணிப் பார்க்கலாம்னு யாரும் கிளம்பிடாதீங்க. 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டாவின் பாகங்களும் 'தோட்டா' கணக்குதான். லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரை போகலாம். வேட்டைக்கு 1972 வனவிலங்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தாச்சு.

போன வாரம் ஊருக்குப் போய்த் தாத்தாகிட்ட ரயில் பெட்டிக் கதையைச் சொன்னேன். "அப்ப மூக்கு சப்பையா இருந்தாத்தான் பின்னாடி இருக்கிறவன் முன்னாடி இருக்கிறவனைக் குத்த மாட்டான்"னாரு. நான் எழுதின பக்கத்தை ஒரே வரியில முடிச்சிட்டாரு.

தேடும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. வெள்ளீயம் வேற, காரீயம் வேற. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். வலைக்குண்டு காரீயம், விஷம். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு இன்னும் மோசம். தாத்தா அதை உருக்குவது அடுப்படியில், பழைய குழம்புக் கரண்டியில். பக்கத்துல என் அக்கா பொண்ணு விளையாடிட்டிருப்பா.

"நாப்பது வருசமா உருக்குறேன், எனக்கு என்னாச்சு?"ன்னாரு. நான் வாதாடலை. குழந்தையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கரண்டியை எடுத்துட்டுப் போய்க் கொல்லையில, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் வச்சாரு. இப்ப உருக்குறது அங்கதான். முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவாம வீட்டுக்குள்ள வர்றதில்லை.