கரோக்கி மேடையும் மறுபிரதியும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் ஆவடிக்கு வடக்கே கோவில்பதாகை முதலிய ஊர்களில் அம்மன் கோயில் வாசல்தோறும் பந்தல் எழும்பி, பகலெல்லாம் கூழ் வார்த்து, இரவானதும் ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கிவிடும். ஒரு காலத்தில் அத்தகைய இரவுகளில் தபேலாக்காரர், டிரம்ஸ்காரர், கிடார்க்காரர், கீபோர்டுக்காரர், பாடகர், பாடகியர் என்று பத்துப் பதினைந்து பேர் கொண்ட மெல்லிசைக் குழு ஒன்று வேனில் வந்து இறங்குவது வழக்கம். இளையராஜாவின் சகோதரர்கள் நடத்திய பாவலர் பிரதர்ஸும், ஏ. வி. ரமணனின் மியூசியானோவும் பேர் பெற்று விளங்கிய அந்தப் பரம்பரை அடியோடு அற்றுப்போய்விடவில்லை யென்றாலும், செலவு கட்டுப்படியாகாத சிறு விழாக்களிலும், காதுகுத்து, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் போன்ற வீட்டு வைபவங்களிலும், இன்று அந்தப் பதினைந்து பேரின் ஸ்தானத்தில் ஒரு லேப்டாப்பும், ஒரு மிக்சரும், இரண்டு மைக்கும், லேப்டாப்பின் பக்கத்தில் ஒரு குட்டை வயரின் நுனியில் கிடக்கும் உள்ளங்கை அகல ஹார்டு டிஸ்க்கும் அமர்ந்திருக்கின்றன. பதினைந்து பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கச்சேரி சற்றுக் குறைபடும், அவ்வளவே. ஹார்டு டிஸ்க்குக்கு ஒன்று வந்துவிட்டாலோ கச்சேரியே இல்லை.

கரோக்கி பிறந்த கதையே நம் விஷயத்துக்கு ஒரு முன்னுரையாக அமைந்திருக்கிறது. ஜப்பானில் கோபே நகரத்து மதுக்கடைகளில் பின்னணி வாசித்துப் பிழைத்த டைசுகே இனோவே என்பவரை, பாட்டில் ஆசை மிகுந்த ஒரு கம்பெனி முதலாளி தம்முடன் வெளியூர்ப் பயணத்துக்கு வாசிக்க வருமாறு அழைக்க, போக முடியாத இனோவே, அம்மனிதரின் குரலுக்கு ஒத்துவரும்படி பின்னணி இசையை மட்டும் நாடாவில் பதிவு செய்து கொடுத்தனுப்பினார். அந்த யோசனையிலிருந்து 1971-ஆம் ஆண்டில் அவர் செய்த பெட்டிதான் உலகமெங்கும் பரவிய கரோக்கிக்கு வழிகாட்டிற்று. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1967-இல், ஷிகெயிச்சி நெகிஷி என்ற வேறொரு ஜப்பானியரும் இத்தகைய பெட்டி ஒன்றைச் செய்திருந்தார். இனோவே காப்புரிமை பெறவில்லை. பொருள் கைக்கு வராவிட்டாலும், மக்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளக் கற்பதற்குப் புதிய வழி வகுத்தவர் என்ற கேலிப் பாராட்டோடு 2004-இல் சமாதானத்துக்கான இக் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பாடுகிறவரின் குரலுக்கு இசைந்த பதிவு என்பது அந்த முதல் நாடாவிலேயே இருந்ததென்பதை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால், கரோக்கி நடத்துகிறவரின் ஹார்டு டிஸ்க்கில் விலைமதிப்புள்ளது எது என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் தவறான விடையே சொல்லுவர். ஐந்து நிமிஷப் பாட்டொன்று உயர்ந்த தரத்து எம்.பி.3 கோப்பாக ஏறத்தாழ 12 மெகாபைட் பிடிக்கிறது. ஆகவே ஒரு டெராபைட் டிஸ்க்கில் எண்பதாயிரத்துக்குக் குறையாத பாடல்களை அடைத்துவிடலாம். இவற்றுள் மிகப் பல, இழந்தால் மறுபடியும் பணம் கொடுத்தோ தேடியோ பெறக்கூடியவையே. பெற முடியாதது வேறு. எஸ். பி. பாலசுப்ரமணியம் அநாயாசமாக எட்டிய உச்ச ஸ்தாயியை ஆவடி டேங்க் ஃபேக்டரியில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவரின் கண்டம் எட்டாது. அவருக்காக அந்த டிராக்கின் ஸ்கேலை இறக்கி, இறக்கியபின் இசை பிசிறடிக்காமல் சரிசெய்து, நீண்ட முன்னிசையைச் சற்றே நறுக்கி, இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அவர் எப்போதும் அவசரப்பட்டு நுழைந்துவிடுவார் என்பதால் அங்கே ஒரு மணி ஒலியைச் சேர்த்து, தமிழ் படிக்கத் தெரியாத பேத்திக்காக வரிகளை ஆங்கில எழுத்தில் தட்டி வைத்திருக்கும் அந்தக் கோப்பு உலகில் ஒன்றே ஒன்றுதான். இத்தகைய கைவேலை செய்த டிராக்குகள் ஒருவரிடம் இரண்டாயிரம் இருந்தாலும் மொத்தம் 24 ஜி.பி.க்கு மேல் போகாது. ஒரு சிறு பென் டிரைவிலேயே அடங்கிவிடும். எண்பதாயிரம் பாட்டுக்காகக் கவலைப்படுகிறவர் இந்த இரண்டாயிரத்தைத் தனி ஃபோல்டராகப் பிரித்து வைக்காமலிருப்பதைத்தான் நான் பெரிய குறையாகக் கருதுகிறேன்.

ஹார்டு டிஸ்க் என்பது உள்ளே பம்பரம்போல் சுழலும் தட்டு. கையடக்க டிஸ்க்குகளில் அத்தட்டு சாதாரணமாக நிமிஷத்துக்கு 5,400 சுற்றுகள் சுழல, அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கையில் மேஜையிலிருந்து விழுந்தால் முனை தட்டை உராய்ந்துவிடும். உராய்ந்த இடத்திலிருந்தது அநேகமாகப் போனதுதான். விழாமலே, ஒரு குற்றமும் இழைக்காமலே, டிஸ்க் செத்துப்போவதும் உண்டு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், பழுதான டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவை தம்முள் அமைந்த எச்சரிக்கைக் கருவியில் எந்த அறிகுறியும் காட்டாமலே பழுதாயின என்று கண்டார்கள். ‘நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது’ என்று டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு புலம்புகிறவர் பொய் சொல்லவில்லை.

மேடையில் இந்தச் சாதனத்துக்கு வாய்த்த சத்துருக்களோ வீட்டில் இல்லாதவர்கள். டூ வீலரின் முன்புறத்தில் கிடந்து குலுங்கி வருவது ஒன்று. மின்சாரம் நின்று ஜெனரேட்டர் எழும்பும் இடைவேளையில், லேப்டாப்பின் பேட்டரி தளர்ந்திருந்தால், எழுதிக்கொண்டிருக்கும்போதே உயிர் போவது மற்றொன்று. பாட வருகிறவர் அன்போடு நீட்டும் பென் டிரைவ் வழியாக ஷார்ட்கட் வைரஸ் நுழைந்து ஃபோல்டர்களையெல்லாம் மறைத்துவிடுவதைச் சவுண்ட் சர்வீஸ்காரர்களில் அறியாதவர் இரார். இவற்றுக்கெல்லாம் மேலாக, பக்கத்திலேயே அதிரும் பேஸ் ஸ்பீக்கர். பாட்டு டிஸ்க்கைத் தாக்குமா என்று ஐயுறுகிறவர்களுக்காக ஒரு வேடிக்கையைச் சொல்லுகிறேன்: ஜேனட் ஜாக்சனின் ‘ரிதம் நேஷன்’ பாட்டை ஒலிக்கவிட்டால் குறிப்பிட்ட சில லேப்டாப்புகள் நின்றுவிட்டன என்றும், அவற்றிலிருந்த 5,400 சுற்று டிஸ்க்கின் இயல்பான அதிர்வெண் ஒன்று அப்பாட்டில் அமைந்திருந்ததே காரணம் என்றும், அதனால் தயாரிப்பாளர் அந்த அதிர்வெண்ணை வடிகட்டிவிட நேர்ந்தது என்றும் மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2022-இல் எழுதினார். டிஸ்க்கை ஸ்பீக்கர் பெட்டியின் தலைமேல் வைக்கும் பழக்கத்தை இதற்காகவேனும் விட்டுவிடலாம். சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. இந்த அதிர்ச்சிகளைத் தாங்குமாதலால் மேடைக்கு அதுவே உத்தமம். ஆனால் மின்சாரம் படாமல் நெடுங்காலம் பீரோவில் கிடந்தால் அதில் பதிந்தது மங்கக்கூடுமாகையால், எடுத்து வைத்து மறப்பதற்கு அது ஏற்றதன்று.

மறுபிரதி எடுப்பதற்குப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ வகுத்த 3-2-1 என்ற விதி உலகெங்கும் வழங்குகிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். நல்ல விதிதான், ஆனால் கரோக்கிக்காரருக்கு அதில் சொல்லப்படாத சிக்கல்கள் சில உண்டு. முதலாவது, மூல டிஸ்க்கைக் கண்ணாடிபோல் அப்படியே பிரதிபலிக்கும்படி மென்பொருளை ஏவிவிட்டால், மூலத்தில் தவறி அழித்த பாட்டு பிரதியிலும் அழிந்துபோகும். வைரஸ் கெடுத்த கோப்பு நல்ல கோப்பின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆகவே ஒரு பிரதியைப் புதுப்பிக்கும்போது போன மாதத்துப் பிரதி ஒன்று தொடப்படாமல் இருக்க வேண்டும். இரண்டாவது, எம்.பி.3 ஒன்றும் திரையில் வரிகளைக் காட்டும் சி.டி.ஜி. ஒன்றுமாக ஒரே பெயரில் இணைந்து நிற்கும் கோப்புகளில் ஒன்றின் பெயரை மட்டும் மாற்றினாலும், ஒன்றை மட்டும் நகர்த்தினாலும், இசை ஒலிக்கும், வரி வராது. மூன்றாவதுதான் மேடையில் மானத்தை வாங்குவது. விண்டோஸ் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓர் எழுத்தைச் சூட்டுகிறது. பாட்டுப் பட்டியலை வைத்திருக்கும் மென்பொருள் பலவும் பாடல்களை அந்த எழுத்தைக்கொண்டே தேடுகின்றன. மூல டிஸ்க் ‘ஈ’யாக இருந்து, அது போனவுடன் மாட்டிய பிரதி ‘எஃப்’ ஆகிவிட்டால், பாட்டெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கையிலேயே பட்டியல் முழுவதும் சிவப்பாகி, ஒன்றையும் காணோம் என்று கைவிரிக்கும். பிரதிக்கும் அதே எழுத்தை நிலைநாட்டி வைப்பது வீட்டில் இரண்டு நிமிஷ வேலை. மைக்கின் முன்னால் மாப்பிள்ளையின் தாய்மாமன் நின்றுகொண்டிருக்கையில் அது அவ்வளவு சுலபமன்று.

நிறைந்த டெராபைட் டிஸ்க் ஒன்றைப் பழைய யு.எஸ்.பி. 2.0 துளை வழியாகப் பிரதியெடுக்க எட்டு மணி நேரத்துக்கு மேலாகும், 3.0 துளையில் சுமார் மூன்று மணி போதும், சிறு கோப்புகள் மிகுந்திருந்தால் இன்னும் சற்று. நிகழ்ச்சிக்குப் புறப்படும் மாலையில் இதைத் தொடங்குகிறவருக்கு யாரும் உதவ முடியாது.

எடுத்த பிரதி வேலை செய்யுமா என்பதை அறிய ஒரே வழி அதை வேலை செய்ய வைப்பதுதான். 1998-இல் ‘டாய் ஸ்டோரி 2’ படம் தயாராகிக்கொண்டிருந்தபோது பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ இட்ட ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் மளமளவென்று மறையத் தொடங்கின. மறுபிரதி இருக்கிறதே என்று ஓடிப் பார்த்தால் அது சரியாகப் பதிவாகவேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பெற்றிருந்தபடியால் வீட்டிலிருந்து பணியாற்றிவந்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப மேற்பார்வையாளரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதியே காப்பாற்றிற்று. பிற்பாடு கதை திருப்தியளிக்காமல் அப்படத்தின் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார்கள் என்பது தனிக்கதை. அத்தனை பெரிய ஸ்தாபனத்துக்கு நேர்ந்தது அம்மன் கோயில் பந்தலில் நேராதென்று சொல்ல முடியாது. ஆகையால் மாதம் ஒருமுறை மூல டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, பிரதியை மட்டும் மாட்டி, ஒத்திகையை முழுவதும் அதிலேயே நடத்திப் பார்க்க வேண்டும். பெயர்ப் பட்டியலைக் கண்ணால் பார்த்துத் திருப்தியடைவது பரிசோதனை ஆகாது.

இனி, வேறு இடம். ஆவடியைச் சுற்றிப் பருத்திப்பட்டு, விளிஞ்சியம்பாக்கம், கோவில்பதாகை என்று ஏரிகள் சூழ்ந்திருக்கின்றன. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் கண்ட இந்த வட்டாரத்தாருக்கு, தரைமட்டத்து அறையில் மேஜையின் கீழ் இழுப்பறையில் வைத்த பொருள் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. மூலமும் பிரதியும் ஒரே பையில் பயணம் செய்தாலும் பலன் அதுவே. 2008 ஜூன் முதல் தேதி ஹாலிவுட்டில் யூனிவர்சல் வளாகத்தில் பற்றிய தீயில் அங்கே சேமித்திருந்த மூல ஒலிநாடாக்கள் ஏராளமாக எரிந்துபோனது, ஒரே கூரையின் கீழ் அவற்றையெல்லாம் வைத்ததன் விளைவேயாகும்; அவ்விழப்பின் விரிவு 2019-இல்தான் பத்திரிகை வாயிலாக வெளிவந்தது. இணையத்தில் ஏற்றி வைக்கலாமே என்பார்கள்; ஆனால் டெராபைட் டிஸ்க்கில் பாதியான 500 ஜி.பி.யை வீட்டு இணைப்பில் விநாடிக்கு 40 மெகாபிட் வேகத்தில் ஏற்றினாலும் ஒரு நாளைக்கு மேல் பிடிக்கும், மாதச் சந்தாவும் உண்டு. கைவேலை செய்த அந்த 24 ஜி.பி.யை மட்டும் ஏற்றுவதானால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

முழு டிஸ்க்கின் மூன்றாம் பிரதிக்கு எனக்குத் தோன்றும் உபாயம் வேறு. கோவில்பதாகையில் கரோக்கி நடத்துகிறவர் தம்முடைய பிரதியைப் பூந்தமல்லியில் அதே தொழில் செய்கிறவரிடம் கொடுத்து, அவருடையதைத் தாம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். போட்டிக்காரரிடம் எப்படிக் கொடுப்பது என்று தயங்குகிறவர்கள் டிஸ்க்கைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டி, உறையில் தேதியை எழுதிக் கொடுக்கட்டும். ஆடிக் கோயில் விழாக்கள் தொடங்குமுன்பும், முகூர்த்தமில்லாத மார்கழியிலும், அதாவது வருஷத்துக்கு இரண்டு முறையாவது, பழையதைக் கொடுத்துப் புதியதை மாற்றிக்கொள்ளட்டும். கடவுச்சொல்லை மட்டும் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளாமல் வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைப்பது நல்லது.